சிறையிலிருந்து வந்தவருக்கு எந்த வேலை? கட்டடம், கம்பெனி, பட்டறை, தள்ளுவண்டி: ஓர் ஒப்பீடு

புழலிலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ ஒருவர் வெளியே வந்ததும் வீட்டார், வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், உதவ முன்வரும் அமைப்பினர் எல்லாரும் முதலில் பார்ப்பது சம்பளத்தை. எங்கே நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் என்று தேடிச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டே மாதத்தில் அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார். சம்பளத்துக்கு முன்னால் இரண்டைக் கேட்க வேண்டும்: இந்த வேலை ஒரு வாய்தாவை (வழக்குக்காக நீதிமன்றம் போக வேண்டிய நாளை) தாங்குமா? ஒரு போலீஸ் விசாரிப்பைத் தாங்குமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். வெளியே வருபவர்களில் பலரும் ஜாமீனில்தான் வருகிறார்கள். வழக்கு முதுகிலேயே இருக்கிறது. காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து, மாதத்தில் ஒன்றிரண்டு வாய்தா, ஜாமீன்தாரருக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். தண்டனை முடிந்து வருபவருக்கு இந்த அலைச்சல் இல்லை. அவருடைய சிக்கல் பல ஆண்டு இடைவெளி, காலாவதியான லைசென்ஸ், கைக்குப் பழக்கமில்லாத புது மெஷின். இந்த இருவருக்கும் ஒரே வேலையைக் காட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது.

முதலில் சிம் கார்டு

வேலை தேடுமுன் முடிக்க வேண்டிய வேலை இது, பலர் தவறவிடுவதும் இதுவே. மூன்று மாதம் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும். ஆதார், வங்கி, பி.எஃப். எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த அந்நியரின் கைப்பேசிக்குப் போகும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: தன் பெயரில் புது சிம், அடுத்து ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண் மாற்றம், அதன்பின் வங்கியில் கே.ஒய்.சி.; கடைசியாகப் பி.எஃப். கணக்கு. இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு நடக்காத வங்கிக் கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும். பணம் போகாது, கே.ஒய்.சி. கொடுத்தால் மீண்டும் திறக்கும். முன்பே பி.எஃப். எண் இருந்தால் அதையே தொடர வேண்டும், புது கம்பெனியில் 'எனக்கு எண் இல்லை' என்று சொல்லி இன்னொன்று போட்டுக்கொண்டால் பழைய பணத்தை எடுப்பது பெரும்பாடு.

ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்குள் என்றால் புதுப்பித்தால் போதும். அதைத் தாண்டிவிட்டால் மீண்டும் வண்டி ஓட்டிக்காட்டித் தேர்வில் தேற வேண்டும். ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்பதையும் அந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கட்டடமும் சந்தையும்

கையில் பணம் வேண்டிய அவசரத்துக்கு இதுதான் வேகமான வழி. மேஸ்திரி சான்றிதழ் கேட்பதில்லை. கூலி அன்றே வரும், இல்லையென்றால் சனிக்கிழமை. வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி மட்டும் போகும், வேலை போகாது. ஜாமீனில் வந்தவருக்கு முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு.

ஆனால் தினமும் பத்தரைக்குக் கையெழுத்து என்றால் சைட் வேலை பாதி செத்துவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கும் சென்ட்ரிங்கிலும் கான்கிரீட்டிலும் இடையில் கிளம்புபவரை மேஸ்திரி இரண்டாம் நாளே வேண்டாம் என்பார், கூட்டாகச் செய்யும் வேலை அது. பெயின்டிங், டைல்ஸ் போல அளவு வைத்து எடுக்கும் வேலையில் நேரம் வளையும். கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகளில் லாரிகள் இரவில் வந்து காலைக்குள் சரக்கு இறங்கிவிடும். கையெழுத்து நேரத்தோடு அது மோதாது. அங்கே லோடு இறக்குபவர்கள் குழுவாக இருப்பதால் தெரிந்த ஒருவர் கைபிடித்துச் சேர்த்துவிட வேண்டியிருக்கும்.

இங்கே கெட்டுப்போவது மூன்று இடத்தில். உடம்பு முதலாவது: ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தவர் முதல் வாரமே ஆறு நாள் மண் சுமந்தால் ஏழாம் நாள் எழமாட்டார், முதல் இரு வாரம் நான்கு நாள் போதும். இரண்டாவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வேலை நிற்கும் என்று தெரிந்தே திட்டமிட வேண்டும். சனிக்கிழமைக் கூலி மூன்றாவது. கையில் காசு, பக்கத்தில் டாஸ்மாக், பழைய கூட்டாளிகள். கூலியை வாராவாரம் வங்கியில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது, சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுவரை பதியலாம். விபத்தானால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணம் இந்தப் பதிவைச் சார்ந்தது. சாரத்தில் ஏறுமுன் இதை முடித்துவிடுங்கள்.

கம்பெனி வேலை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்வதைத்தான் பெரும்பாலும் 'கம்பெனி வேலை' என்கிறோம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., பஸ், கேன்டீன் என்று பார்க்க நன்றாக இருக்கும். தண்டனை முடிந்து, வழக்கு ஏதும் மிச்சமில்லாமல் வந்தவர் நிலைத்து நிற்க உதவும். ஜாமீனில் இருப்பவருக்கோ இது கண்ணி. ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே பல இடங்களில் வருகைப்படி (அட்டெண்டன்ஸ் போனஸ்) போய்விடும், சொல்லாமல் மூன்று நாள் நின்றால் கேட்டில் அட்டை வேலை செய்யாது. நாளெல்லாம் நீதிமன்றத்தில் நின்றுவிட்டு மாலையில் போன் செய்வதை சூப்பர்வைசர் 'சொல்லாத லீவு' என்றே எழுதுவார். கையெழுத்து நிபந்தனை இருக்கும்வரை காலையில் தொடங்கும் ஜெனரல் ஷிப்டே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குழி முதல் சம்பளம். ஐந்தாம் தேதி சேர்ந்தவர் கையில் பணம் பார்ப்பது மறுமாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோதான். வழிச்செலவு 60, சாப்பாடு 100 என்றே வைத்துக்கொண்டாலும் 26 வேலைநாளுக்கு 4,160 ரூபாய் வேண்டும். அது இல்லாமல் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுபவர்களைத்தான் 'சோம்பேறி, பழைய புத்தி' என்று ஊர் சொல்கிறது. உதவ நினைப்பவர்கள் சட்டையும் செருப்பும் வாங்கித் தருவதைவிட இந்த ஒரு மாதத்தை ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி. மொத்தமாக வேண்டாம், வாரம் 960 என்று கொடுங்கள். நியூயார்க்கில் சிறையிலிருந்து வந்தவர்களுக்கு அன்றன்றைக்கே கூலி தரும் இடைக்கால வேலை கொடுத்து நடத்திய ஒரு திட்டத்தை எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் நீண்டகாலம் ஆராய்ந்தது. வேலைவாய்ப்பில் கண்ட முன்னேற்றம் நாளடைவில் கரைந்துவிட்டது. ஆனால் மறுபடி சிறைக்குப் போவது குறைந்தது; வெளியே வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்தவர்களிடம் அது மிகத் தெளிவாகத் தெரிந்தது. முதல் மாதங்களை வெறுமனே கழியவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

கம்பெனிகளிலேயே திருப்பூர் தனி வகை. பவர் டேபிள் என்னும் சிறு தையல் யூனிட்டுகளில் பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி), வாரச் சம்பளம், காகிதம் குறைவு, ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் பீஸ் மட்டும் போகும். சிறையில் தையல் பழகியவருக்கு இது நேர்வழிபோலத் தோன்றும். இங்கே ஒரு கவனம் தேவை: சிறைத் தையல் கூடத்தில் பழகுவது பெரும்பாலும் சீருடைத் தையல், ஒற்றை ஊசி மெஷின். பனியன் கம்பெனி கேட்பது ஓவர்லாக், பிளாட்லாக் என்னும் பனியன் துணி தைக்கும் மெஷின்கள். நேராகப் பீஸ் ரேட்டில் உட்கார்ந்தால் முதல் வாரச் சம்பளத்தைப் பார்த்து மனம் உடைந்துவிடும். முதல் மூன்று வாரம் கைமடி அல்லது செக்கிங் வேலையில் நாள்கூலிக்கு இருந்துகொண்டு, இடைவேளையில் மெஷின் பழகட்டும்.

பட்டறை

மெக்கானிக் கடை, வெல்டிங், லேத், தச்சு, பேக்கரி, அச்சகம் என ஐந்தாறு பேர் வேலை செய்யும், முதலாளி கூடவே நிற்கும் இடங்களைச் சொல்கிறேன். தொடக்கக் கூலி எல்லாவற்றிலும் குறைவு. இருந்தும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்று எண்ணினால் என் முதல் தேர்வு இதுதான். முடிவெடுப்பது ஒரே ஆள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் வாய்தா நாளும் தெரிந்திருக்கும், ஸ்டேஷனிலிருந்து போன் வந்தாலும் பதறமாட்டார். கையில் ஏறும் தொழில் வேறு ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

சிறையில் கற்றதோடு பொருந்தும் இடத்தைத் தேடுங்கள். வேலூர் மத்திய சிறையில் காலணி தயாரிப்பு உண்டு. பக்கத்திலேயே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் பரந்து கிடக்கிறது. புழல் பேக்கரியில் மாவு பிசைந்து பழகியவர் சென்னையில் எந்த பேக்கரி மாஸ்டரிடமும் கைவேலையைக் காட்டலாம். சிறைத்துறையின் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்குகளில் நின்றவருக்குப் பணம் எண்ணி ஒப்படைத்த அனுபவம் இருக்கிறது. 2023-ல் புழலில் பெண் சிறைவாசிகளைக் கொண்டே ஒரு பங்கு தொடங்கப்பட்டது. பணத்தைக் கையாண்டும் கணக்கு பிசகவில்லை என்பதை முதலாளியிடம் எடுத்துச் சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பட்டறையில் நடக்கும் அநியாயமும் உண்டு. 'உன்னை யார் வேலைக்கு வைப்பார்கள்' என்று ஓராண்டுக்கும் அதே கூலியில் வைத்திருப்பார் முதலாளி. ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் எல்லார் கண்ணும் இவர்மேல். இரண்டையும் முதல் நாளே கட்டுப்படுத்தலாம். சேர்த்துவிடுபவர், முதலாளி, வேலைக்கு வருபவர் மூவரும் உட்கார்ந்து மூன்றைப் பேசி ஒரு தாளில் எழுதுங்கள்: தொடக்கக் கூலி, மூன்றாம் மாத முடிவில் எவ்வளவு உயரும், வாய்தா நாளுக்கு எப்படி விடுப்பு. முதல் மூன்று மாதம் கல்லாப்பெட்டியும் கடைச் சாவியும் இவர் கையில் வேண்டாம் என்று நாமே சொல்லிவிட வேண்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் காப்பாற்றப்படுவது இவர்தான். மாலையில் கருவிகளை எண்ணி வைக்கும் வழக்கத்தை எல்லாருக்கும் பொதுவாக்கினால் சந்தேகம் ஒருவர்மேல் மட்டும் விழாது.

சொந்தத் தொழில்

'யார் கையையும் நம்ப வேண்டாம், ஒரு வண்டி போட்டுக்கொடுத்துவிடலாம்' என்று குடும்பம் சொல்லும். வீட்டில் ஏற்கெனவே ஓடும் கடை இருந்தால் சரி, அதில் சேரட்டும். புதிதாக, கடன் வாங்கி, வந்த மூன்று மாதத்துக்குள் என்றால் வேண்டாம்.

காரணம் எளிது. திருவிழா, தேர்தல் என்று வரும்போது பழைய வழக்குக்காரர்களை முன்னெச்சரிக்கையாக அழைத்துப்போவது நடக்கிறது. சம்பளக்காரர் பத்து நாள் இல்லாவிட்டால் பத்து நாள் கூலி போகும். தள்ளுவண்டிக்காரருக்குப் பத்து நாள் வருமானத்தோடு இடமும் போகும், வாடிக்கையும் போகும், தண்டல் மட்டும் நிற்காது. பத்தாயிரம் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது தெருவில் பழக்கமான கணக்கு. பத்து நாள் தவறினால் அந்தக் கடனை அடைக்க இன்னொரு தண்டல்.

ஆறு மாதம் கழித்து, நிபந்தனைகள் தளர்ந்தபின் யோசிக்கலாம். அப்போதும் முதல் வழி நகராட்சியின் தெருவியாபாரி அடையாள அட்டை. 2014-ன் தெருவியாபாரிகள் சட்டம் தரும் பாதுகாப்பு அதை வைத்துத்தான். அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் இருந்தால் பி.எம். ஸ்வநிதி கடனுக்கு வழி திறக்கும்: 2025 மாற்றத்தின்படி முதலில் 15,000, அடைத்தால் 25,000, பிறகு 50,000. சிறையில் இருந்த காலத்தில் கட்டாமல் விட்ட பைக் லோன், மனைவி பெயரிலுள்ள குழுக்கடன் இரண்டையும் முதலில் பாருங்கள். வங்கி மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விடுதலையானோருக்கான உதவிச் சங்கத்திடமும் தொழில் உதவி கேட்கலாம். மனு நன்னடத்தை அலுவலர் வழியாகப் போவதால், விடுதலைச் சான்றோடு அவரை முதல் வாரமே பார்த்து வைப்பது நல்லது.

நேரம் செலவழிக்க வேண்டாத கதவுகள்

செக்யூரிட்டி வேலை. எளிதில் கிடைக்கும் என்று எல்லாரும் காட்டுவது இதைத்தான். 2005-ன் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரைக் காவலராக வைக்கக் கூடாது என்கிறது. சின்ன ஏஜென்சிகள் விசாரிக்காமல் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டடத்தில் ஏதாவது திருட்டு நடந்த நாளில் முதலில் பிடிபடுவது இவர். செயலி வழி டாக்சியில் 2020-ன் மத்திய அரசு வழிகாட்டுதல், முந்தைய ஏழு ஆண்டுக்குள் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவரை விலக்கியது; 2025-ல் அதற்குப் பதிலாகப் புது வழிகாட்டுதல் வந்துவிட்டது. உணவு டெலிவரியிலும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. தம்பியின் ஆதாரில் அக்கவுன்ட் திறந்து ஓட்டுவதை யாராவது யோசனையாகச் சொன்னால் அன்றே தடுத்துவிடுங்கள். விபத்தானால் காப்பீடு கைவிடும், மேலே ஆள்மாறாட்ட வழக்கும் சேரும். சரக்கு ஆட்டோ, உள்ளூர் லோடு வண்டி ஓட்டலாம். 7,500 கிலோவரை எடையுள்ள சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிப்படுத்திவிட்டது.

சொல்வதா, மறைப்பதா

கேட்காத இடத்தில் தானாகச் சொல்லியாக வேண்டும் என்று தனியார் வேலைக்குப் பொதுச்சட்டம் இல்லை. கேட்ட இடத்தில் பொய் எழுதக் கூடாது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு வேலையை ஒட்டி வகுத்தது இதுவே: கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும், மறைத்தது தெரிந்தால் வேலையை நீக்கலாம், அற்பமான வழக்கென்றால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். விண்ணப்பத்தின் சொற்களைக் கூர்ந்து படியுங்கள். 'தண்டனை பெற்றதுண்டா' என்பது வேறு, 'வழக்கு நிலுவையில் உண்டா' என்பது வேறு. விசாரணையில் இருப்பவர் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினால் அது உண்மை. நன்னடத்தைச் சட்டம் 1958-ன் 3 அல்லது 4-ஆவது பிரிவில் விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பட்டறையில் முதலாளியிடம் மட்டும் சொல்லலாம். நாலு வாக்கியம் போதும்: என்ன வழக்கு, இப்போது எந்த நிலையில், மாதத்தில் எந்த நாள் போக வேண்டும், எனக்கு என்ன வேலை தெரியும். முழுக் கதையையும் முதல் நாளே கொட்டினால் கேட்பவர் மிரண்டுபோவார். சக தொழிலாளர்களிடம் சொல்வது அவருடைய விருப்பம். சேர்த்துவிட்டவர் தன் பெருந்தன்மையைக் காட்ட ஊரெல்லாம் சொல்வது துரோகம்.

வாய்தாவைச் சமாளிப்பது

எந்த வேலையைத் தேர்ந்தாலும் அதைக் காப்பது இந்தப் பகுதிதான். வழக்குக்கு 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். தேதி தெரிந்த அன்றே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும், முந்தின நாள் இரவு சொல்வது பயனில்லை. தினக் கையெழுத்து நிபந்தனையைச் சில வாரம் தவறாமல் கடைப்பிடித்தபின், வாரம் ஒருமுறையாக மாற்றக் கோரி ஜாமீன் தந்த நீதிமன்றத்திலேயே நிபந்தனைத் தளர்வு மனு போடலாம். மனுவோடு முதலாளியின் கடிதமும் ஷிப்ட் நேரமும் சேர்ந்தால் வலு கூடும். நேரில் வர முடியாத வாய்தாவுக்கு, முன்பு '317 மனு' என்று சொல்லப்பட்ட, நேரில் வராமலிருக்க அனுமதி கேட்கும் மனுவை இப்போது புதிய குற்ற விசாரணைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 355-ஆவது பிரிவில் வழக்கறிஞர் தாக்கல் செய்வார். எல்லா வாய்தாவுக்கும் அது கிடைக்காது, தீர்ப்பு நாளில் நேரில் நிற்க வேண்டியிருக்கும். ஒன்றைச் சொல்லாமல் தவறவிட்டால் பிடிவாரண்ட். வேலையிடத்திலேயே வந்து அழைத்துப்போனால் அந்த வேலை முடிந்தது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100-ஐ அழைத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இரவு ஷிப்ட் முடிந்து வருபவரிடம் கம்பெனி அட்டையும் அன்றைய ஷிப்ட் சீட்டும் எப்போதும் இருக்கட்டும், வாகனச் சோதனையில் அது பேசும்.

பழிக்குப் பழி ஓடும் கொலை வழக்குகளில் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகும் வேலையே ஆபத்து. கையெழுத்திடப் போகும் வழியிலும் நீதிமன்ற வாசலிலும் வெட்டு விழுந்த ஊர் இது. அப்படிப்பட்டவருக்கு உள்ளூரில் எவ்வளவு நல்ல வேலை கிடைத்தாலும் வேண்டாம். வேறு மாவட்டத்தில் தங்கி அங்கேயே கையெழுத்திட அனுமதி கேட்டு மனு போட்டுவிட்டு, தங்கும் இடத்தோடு வேலை தரும் மில்லையோ பேக்கரியையோ பாருங்கள்.

பெண்களுக்கு வேலைக்கு முன்னால் தங்குமிடம். பிறந்த வீடும் புகுந்த வீடும் கதவடைப்பது ஆண்களைவிட இவர்களுக்கு அதிகம். வீட்டோடு தங்கும் சமையல் வேலையை இதற்காகவே பலர் பரிந்துரைப்பார்கள். வேலை போனால் அன்றிரவே கூரையும் போகும் ஏற்பாடு அது. விடுதியும் வேலையும் வெவ்வேறு கையில் இருப்பதுதான் பாதுகாப்பு. திருப்பூர், கோவைப் பக்கம் தனியாக மகளிர் விடுதி பார்த்துவிட்டு, பிறகு யூனிட் தேடுவது சரியான வரிசை.

வழக்கு விடுதலையில் முடிந்தாலும் இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அந்த வாரமே நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். ஒன்றை வழக்குப் பதிந்த காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஒன்று வேலை செய்யும் இடத்துக்கு. மூன்றாவது வீட்டில் இருக்கட்டும். பெயரும் அப்பா பெயரும் போட்டுத் தேடும் சரிபார்ப்புக்காரருக்குப் பழைய வழக்கு எண் இன்னும் பல ஆண்டுக்குக் கண்ணில் படும், அப்போது காட்ட அது வேண்டும்.